ஐரோப்பாவில் குழுவாக பஸ் சுற்றுலா: திட்டத்தை வாசிப்பதிலிருந்து கடைசி நாள் வரை

பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் வரும். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ரோம் என்று பட்டியல் நீளும். படிக்கும்போதே மனம் கிளம்பிவிடும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரு திட்டத்தில் எத்தனை நாடு இருக்கிறது என்பதைவிட, எத்தனை ஊர்களில் இரண்டு இரவு தொடர்ந்து தங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பயணம் இனிமையாக அமையுமா, வெறும் ஓட்டமாக முடியுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

குழு பஸ் சுற்றுலா நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து. ரயில் நிலையப் படிகளில் பெட்டியை இழுக்க வேண்டாம், ஒவ்வொரு ஊரிலும் டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும், முதல்முறை ஐரோப்பா போகிறவர்களுக்கும் இதைவிட நிம்மதியான வழி குறைவு. அதை முழுதாக அனுபவிக்க, பஸ் எந்தச் சட்டதிட்டத்துக்குள் ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: திட்டத்தை மணிக்கணக்கில் வாசியுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் ஓட்டுநரின் வேலைநேரத்தை 561/2006 என்ற விதிமுறை கட்டுப்படுத்துகிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை போகலாம். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் 11 மணி நேர ஓய்வு வேண்டும். சில நாட்கள் மட்டும் அதை 9 மணியாகக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எல்லாவற்றையும் டாகோகிராஃப் என்ற கருவி பதிவு செய்கிறது. வழியில் போலீஸ் நிறுத்திப் பார்த்தால் தப்ப முடியாது. சுவிட்சர்லாந்திலும் பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே விதிகள்தான்.

இது ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் நாள் முழுவதும் இதைச் சுற்றித்தான் அமைகிறது. இரவு 10 மணி வரை பாரிஸின் விளக்கொளியைப் பஸ்ஸில் சுற்றிப் பார்த்தால், சாதாரணமாக அந்த ஓட்டுநர் மறுநாள் காலை 9 மணிக்கு முன்னால் வண்டியை எடுக்க முடியாது. காலை ஏழரைக்கே சுவிட்சர்லாந்துக்குப் புறப்பாடு என்று அதே திட்டத்தில் இருந்தால், ஒன்று வேறு ஓட்டுநர் வர வேண்டும், அல்லது இரவுச் சுற்று சுருங்கும். பதிவு செய்வதற்கு முன்பே இதைக் கேளுங்கள்.

தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சுற்றுலா பஸ்களில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகாது. நெரிசல், ஊருக்குள் நுழைதல் எல்லாம் சேர்ந்தால் சராசரி 75 அல்லது 80தான் வரும். பாரிஸிலிருந்து லூசெர்ன் சுமார் 600 கிலோமீட்டர். அதாவது ஓட்டும் நேரமே ஏறக்குறைய 8 மணி, இடைநிறுத்தங்களோடு பத்து மணி. அந்த நாளில் "மாலையில் லூசெர்ன் நகர உலா" என்று எழுதியிருந்தால், இருட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஏரிக்கரையில் நிற்பீர்கள், அவ்வளவுதான். மாறாக பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் சுமார் 210 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஊரைப் பார்க்கத் தொடங்கலாம். ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமும் நாலு மணிக்குள் முடிந்துவிடும். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ப்ரென்னர் கணவாய் வழியாக வெனிஸுக்கு சுமார் 390 கிலோமீட்டர்; பாதி வழி மலைச்சாலை. அது அலுக்காத பயணம். ஜன்னல் ஓரமே ஒரு சுற்றுலாதான்.

ஆகவே ஒரு தாளில் ஒவ்வொரு நாளுக்கும் தூரத்தை எழுதி, 75ஆல் வகுத்து, இரண்டு மணி நேரம் கூட்டுங்கள். 500 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்கள் மூன்றுக்கு மேல் இருந்தால், எவ்வளவு சலுகை விலையாக இருந்தாலும் அந்தத் திட்டத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓர் இடத்தின் பெயர் திட்டத்தில் இருப்பதால் அதற்குள் போவீர்கள் என்று பொருளில்லை. பஸ்ஸிலிருந்தே காட்டுவது, இறங்கிப் படம் எடுக்கப் பதினைந்து நிமிடம் விடுவது, நுழைவுச்சீட்டோடு உள்ளே அழைத்துப் போவது மூன்றும் வேறுவேறு. கொலோசியம், லூவ்ர் அருங்காட்சியகம், வத்திக்கான் அருங்காட்சியகம் இவற்றுக்கெல்லாம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஃபெல் கோபுரத்துக்கு எந்தத் தளம் வரை என்றும் கேளுங்கள். இரண்டாம் தளம் சுமார் 116 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சித் தளம் 276 மீட்டரில். இரண்டாம் தளத்தோடு நிற்கும் திட்டங்கள் நிறைய உண்டு. ஊரைப் பார்ப்பதற்கு அந்த உயரமே நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

கிழமையையும் பொருத்திப் பாருங்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வெர்சாய் அரண்மனையும் ஃப்ளோரன்ஸின் உஃபிஸி கலைக்கூடமும் திங்கட்கிழமை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை.

எந்த மாதம்

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்லவை. ஜூனில் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்; நாள் நீளம் என்பதால் தாமதமாக ஊருக்குள் வந்தாலும் ஏதாவது பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் இத்தாலியில் வெயில் கடுமை, கூட்டமும் அதிகம். ஆகஸ்ட் 15 அங்கே விடுமுறை. சிறு கடைகள் பல மூடியிருக்கும். நெதர்லாந்தின் கோய்கன்ஹாஃப் துலிப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை மட்டுமே திறந்திருக்கும். துலிப்புக்காகவே போகிறவர்கள் ஏப்ரலைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகு, ஆனால் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

விலையில் என்ன சேர்ந்திருக்கிறது

கட்டணத்தைப் பார்க்கும் முன் "இவை சேராது" என்ற பகுதியை முதலில் படியுங்கள். பெரும்பாலும் அதில் நான்கைந்து செலவுகள் ஒளிந்திருக்கும். ஒன்று, நகர வரி. ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் ஓட்டலில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் தனியாக வரி உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். இதை நிறுவனம் கட்டுகிறதா, நீங்கள் வரவேற்பறையில் கட்ட வேண்டுமா? அப்புறம் ஓட்டுநருக்கும் டூர் மேனேஜருக்கும் டிப்ஸ்: சில நிறுவனங்கள் நாளுக்கு இவ்வளவு என்று முன்பே வசூலிக்கும், சில கடைசி நாளில் கேட்கும். விருப்பச் சுற்றுலா என்று தனியாக விற்கப்படுபவையும் உண்டு. வெனிஸில் கொண்டோலா படகுச் சவாரி, பாரிஸில் இரவு நிகழ்ச்சி, சுவிட்சர்லாந்தில் இரண்டாவது மலைச்சிகரம் இப்படி. அவற்றின் விலைப்பட்டியலைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பஸ்ஸில் மைக்கில் அறிவித்து, எல்லோரும் கை தூக்கும்போது கணக்குப் பார்க்க நேரம் இருக்காது.

ஓட்டல் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். பெரிய பஸ் நிறுத்தவும் குறைந்த வாடகைக்கும் வசதியாக, நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாகத்தான் பல குழுக்கள் தங்குகின்றன. அதில் தவறில்லை. ஆனால் இரவு உணவுக்குப் பிறகு நடந்து ஊரைப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தால் ஏமாற்றம். மெட்ரோ அல்லது டிராம் நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தால் அதுவே பெரிய வரம்.

குழுவின் அளவும் முக்கியம். முழு அளவு பஸ்ஸில் ஐம்பது பேர் வரை இருப்பார்கள். ஐம்பது பேர் ஒரு கழிப்பறை நிறுத்தத்தில் இறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும். முப்பது பேர் கொண்ட குழுவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு ஆகாது.

விசா

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் பகுதி என்று பெயர்; அதில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 அன்று முழுமையாகச் சேர்ந்தன. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. ஆகவே லண்டனில் தொடங்கும் சுற்றுலாவுக்கு, விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இரண்டு விசா எடுக்க வேண்டும்.

எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களாவது முன்னால் கொடுக்க வேண்டும். ஆனால் 15 நாள் என்பதை நம்பி இருக்காதீர்கள், முடிவு 45 நாள் வரை நீள இடமிருக்கிறது, கோடையில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே சிரமம். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது நிரம்பி 12 ஆகாத பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்குச் சிறியவர்களுக்கு இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பாஸ்போர்ட் கடைசி பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும்.

வழி இடையில் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். குரோஷியாவிலிருந்து மாண்டினீக்ரோவோ போஸ்னியாவோ போய்த் திரும்பும் திட்டங்களில் பலமுறை நுழைவு விசா இல்லாவிட்டால் எல்லையிலேயே இறங்க நேரிடும்.

2025 அக்டோபர் 12 முதல் புது நுழைவுப் பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். முதல்முறை பதிவுக்கு நேரம் பிடிக்கும். ஆகவே விமானம் இறங்கிய இரண்டு மணி நேரத்தில் நகரச் சுற்று தொடங்கும் திட்டங்களை நம்ப வேண்டாம்.

பெட்டியும் கைப்பையும்

ஆளுக்கு ஒரு பெரிய பெட்டிதான் பஸ்ஸின் அடியறையில் போகும். அது காலையில் உள்ளே போனால் மாலையில்தான் வெளியே வரும் என்று நினைத்து, அன்றைக்கு வேண்டியதை முதல்நாள் இரவே கைப்பையில் எடுத்து வையுங்கள். ஜாக்கெட், மருந்து, குடை, தண்ணீர் பாட்டில், சார்ஜர். பாஸ்போர்ட்டை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது பொது விதிதான், ஆனால் ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. போலீஸ் பஸ்ஸுக்குள் ஏறிப் பாஸ்போர்ட் கேட்டால், ஐம்பது பெட்டிக்கு அடியில் கிடக்கும் உங்கள் பெட்டிக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டிவரும்.

பழைய ஓட்டல்களில் லிஃப்ட் மிகச் சிறியது, சிலவற்றில் முதல் சில படிகளுக்கு லிஃப்டே இருக்காது. நீங்களே தூக்கக்கூடிய எடையே சரியான எடை. காலணி விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கல் பாவிய தெருக்களில் நாளுக்கு எட்டு பத்து கிலோமீட்டர் நடக்க நேரும், ஏற்கனவே பழகிய காலணி வேண்டும்.

கண்டத்தில் பெரும்பாலும் உருண்டை இருமுனை பிளக். அதில் மெல்லிய வகை பிளக் சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் நுழையும். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி அடாப்டர்.

பஸ்ஸுக்குள்

நல்ல டூர் மேனேஜர் முதல் நாளே இருக்கை சுழற்சியை அறிவிப்பார். தினமும் இரண்டு வரிசை நகர்ந்தால் எல்லோருக்கும் முன்வரிசை கிடைக்கும். அறிவிக்காவிட்டால், முதல் நாளே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் கேட்டால் சண்டையாகிவிடும். தலைசுற்றல் உள்ளவர்கள் அதை முன்பே சொன்னால் முன்பகுதியில் இடம் தருவார்கள். ஆல்ப்ஸ் வளைவுகள் வரும் நாளில் இது மிக முக்கியம். சீட் பெல்ட் கட்டாயம், அபராதம் பயணிக்குத்தான்.

பஸ்ஸில் கழிப்பறை இருந்தாலும் அவசரத்துக்கு மட்டுமே என்று ஓட்டுநர் சொல்வார். இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை நெடுஞ்சாலை நிறுத்தம் வரும். பிரான்ஸில் நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் பெரும்பாலும் இலவசம். ஜெர்மனியில் பல இடங்களில் ஒரு யூரோ கட்டணம். அதற்கு ஈடாக ஒரு கூப்பன் வரும், அதே நிலையத்தில் காபி வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். எப்போதும் சில ஒரு யூரோ நாணயங்களும் 50 சென்ட் நாணயங்களும் கையில் இருக்கட்டும்.

நேரம் தவறாமை. ஐரோப்பாவில் இருபது நிமிடத் தாமதத்தை வேகமாக ஓட்டி ஈடுகட்ட முடியாது. வேகத்துக்கும் வரம்பு, ஓட்டுநரின் நாளுக்கும் வரம்பு. ஆகவே ஒருவர் வாங்கும் நினைவுப்பொருளுக்காக, மாலையில் மற்ற எல்லோரும் ஒரு தேவாலயத்தை இழக்கிறார்கள். குழுவின் மனநிலையைக் கெடுப்பதில் இதற்கு ஈடு வேறில்லை. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வாருங்கள். இறங்கியவுடன் பஸ்ஸின் எண் பலகையையும், கூடும் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுத்தத்தில் இருபது வெள்ளை பஸ்கள் நிற்கும்.

ஊருக்குள்: பஸ் எதுவரை வரும்

பழைய நகரங்கள் பெரிய பஸ்களை வெளியிலேயே நிறுத்துகின்றன. வருடாவருடம் இந்தக் கட்டுப்பாடு கூடிக்கொண்டே வருகிறது. ஆம்ஸ்டர்டாமில் 2024 ஜனவரி முதல் 7.5 டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலா பஸ்கள் மைய வளையச் சாலைக்குள் வரக் கூடாது. பைசாவில் பஸ் நிறுத்தத்திலிருந்து சாய்ந்த கோபுரம் வரை பதினைந்து நிமிட நடை. ஃப்ளோரன்ஸில் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விடும், மற்றதெல்லாம் நடைதான். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால், ஒவ்வொரு ஊரிலும் எவ்வளவு நடை என்று கேட்டு, தேவையானால் ஓர் ஊரை மட்டும் காபிக் கடையில் உட்கார்ந்து கழிக்கத் திட்டமிடுங்கள். அதுவும் நல்ல அனுபவம்தான்.

வெனிஸில் பஸ் ட்ரொன்கெட்டோ என்ற நிறுத்தத் தீவோடு நின்றுவிடும். அங்கிருந்து படகில் சான் மார்கோ சதுக்கம். பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு 2024 முதல், வசந்த, கோடைக் காலத்தின் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. முன்பதிவு செய்தால் 5 யூரோ, தாமதித்தால் 10. வெனிஸ் நகராட்சிக்குள், நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் தங்கினாலும், விலக்கு உண்டு. பாதுவா போன்ற வேறு ஊரில் தங்கினால் இல்லை. வழிகாட்டியோடு செல்லும் குழு 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. அதனால் உங்கள் குழு இரண்டாகப் பிரியும், காதில் மாட்டும் கருவியில்தான் விளக்கம் கேட்பீர்கள். சொந்தமாக ஒயர் வைத்த இயர்போன் கொண்டுபோவது நல்லது.

ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயில் நாளில் ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் போதும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. அங்கே போனை உள்ளே வைத்துவிட்டு, ஓரத்து பெஞ்சில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து மேலே பாருங்கள். ரோம் தெருக்களில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. பாட்டிலை அங்கேயே நிரப்பலாம்.

மலைச்சிகரம்தான் பலருக்கு இந்தப் பயணத்தின் உச்சம். சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் சிகரத்துக்கு எங்கெல்பெர்க் என்ற ஊரிலிருந்து கேபிள் கார். கடைசிப் பகுதியில் பெட்டியே சுழன்றபடி ஏறும். மேல் நிலையம் 3,020 மீட்டர். அதே நாட்டின் இன்னொரு மலையுச்சி நிலையமான யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர். அங்கே கடைசிப் பகுதி பல்சக்கர ரயில். கோடையிலும் பனி இருக்கும், சூடான உடையும் கருப்புக் கண்ணாடியும் வேண்டும். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த உயரத்துக்குப் போக வேண்டாம். மேலே மெதுவாக நடங்கள், தலைவலி வந்தால் இறங்கிவிடுங்கள். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சுவிட்சர்லாந்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கும் திட்டத்தை நான் வலியுறுத்துவேன்: நாளை மாற்றிக்கொள்ள டூர் மேனேஜருக்கு அப்போதுதான் இடம் இருக்கும்.

பணம், போன்

பெரும்பாலும் யூரோ. சுவிட்சர்லாந்திலும் லிக்டன்ஸ்டைனிலும் ஃப்ராங்க், செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட். சுவிஸ் கடைகள் பலவும் யூரோ நோட்டை வாங்கும், ஆனால் மீதியை ஃப்ராங்கில் தரும். விகிதமும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஒருநாள் நிறுத்தத்துக்கு கார்டே போதும். கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் கட்டணம் இல்லாத ரோமிங் விதி சுவிட்சர்லாந்தையும் பிரிட்டனையும் கட்டுப்படுத்தாது. சிம் வாங்கும்போது இந்த இரண்டு நாட்டின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவிஸ் எல்லை ஊரான பாசல் வருவதற்குள் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

திருட்டும் தொலைந்துபோதலும்

வன்முறை அபூர்வம், பிக்பாக்கெட் அதிகம். எஃபெல் கோபுரத்தடி, சாக்ரே கேர் தேவாலயப் படிகள், பாரிஸ் மெட்ரோ, ரோமின் டெர்மினி நிலையம் ஆகியவை பேர் போன இடங்கள். மனுவில் கையெழுத்து கேட்பது, கையில் நூல் கட்டுவது, தரையில் கிடந்த மோதிரத்தை எடுத்து நீட்டுவது எல்லாம் கவனத்தைத் திருப்பும் உத்திகள். நிற்காமல் நடங்கள். முதுகுப்பையில் பணம் வேண்டாம். பஸ்ஸில் யார் கண்ணிலும் படும்படி பையை விட்டு இறங்கவும் வேண்டாம்.

குழுவை விட்டுப் பிரிந்துவிட்டால் பதற்றத்தில் அலையாதீர்கள். கடைசியாகக் கூடச் சொன்ன இடத்திலேயே நின்று டூர் மேனேஜரை அழையுங்கள். அன்றிரவு ஓட்டலின் பெயரும் முகவரியும் தினமும் காலையில் போனிலும் ஒரு தாளிலும் இருக்கட்டும். அவசர எண் எல்லா நாட்டிலும் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அடுத்து உங்கள் நாட்டுத் தூதரகம். தூதரகங்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் இருக்கும், வார இறுதியில் மூடியிருக்கும். ஆகவே பஸ் உங்களை விட்டுவிட்டுப் போக நேரலாம். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டின் நகலை வேறொரு பையிலும் மின்னஞ்சலிலும் வைத்திருந்தால் இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடியும்.

கடைசி நாள்: வரி திரும்பப் பெறுதல்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்கிய பொருளுக்குக் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். ஒரே கடையில் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் தாண்ட வேண்டும்: பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70க்கு மேல், ஜெர்மனியில் 50க்கு மேல். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். பாரிஸில் வாங்கியிருந்தாலும், ஒன்றியத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் இடத்தில்தான் சுங்க முத்திரை. ரோமிலிருந்து விமானம் என்றால் அங்கே. சுவிட்சர்லாந்தில் வாங்கியது வேறு கணக்கு. சுவிஸ் எல்லையைத் தாண்டும் போதே அந்நாட்டுச் சுங்கத்தின் முத்திரை வேண்டும், அதனால் விலையுயர்ந்த கடிகாரம் வாங்கினால் அன்று மாலையே டூர் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், எல்லையில் பஸ்ஸை நிறுத்த அவர் நேரம் ஒதுக்க வேண்டும். விமான நிலையத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம். ஆகவே அவற்றைப் பெட்டியின் மேல்பகுதியில் வைத்து, பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே சுங்கக் கவுண்டருக்குப் போங்கள். குழுவோடு போகிறீர்கள் என்றால் அந்த வரிசைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு ஓட்டலிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள்.